குடும்பத்துக்கு ஓர் உடம்பு

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது ஆவுடைநாயகத்தின் கழுத்தில் மாலை விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத மாலை. செவ்வந்தி. ஈரம் இன்னும் சொட்டியது. கோவில்பட்டியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவர் வாய் கொப்பளித்தார்.

அவருக்கு இது பழக்கம்தான். உறவில் எந்த வீட்டில் இறந்தவர் படத்துக்கு மாலை போட்டாலும் அது அவர் கழுத்தில் வந்து விழும். அமாவாசையன்று கொஞ்சம் குனிந்தே நடப்பார். சங்கரன்கோவில்காரர்கள் ரோஜா போடுவார்கள். பெருமைக்குப் போடுவது, கனம் இருக்காது. சென்னையில் இருக்கிற மருமகன் சந்தனச் சீவல் மாலை ஒன்றை ஒரேயடியாகப் போட்டுவிட்டு மறந்துபோனான். அது வருஷம் முழுக்க அரித்துக்கொண்டிருந்தது.

அவர் இதைப் பற்றி யாரிடமும் குறை சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அந்தப் படங்களில் இருக்கிற உடம்பு அவருடையது.

சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றதும் அவர் நல்ல கேமரா ஒன்று வாங்கினார். அப்புறம் முக்காலி. அப்புறம் கம்ப்யூட்டரும் கலர் பிரிண்டரும் வந்து பாளையங்கோட்டை வீட்டின் பின்னறையை அடைத்துக்கொண்டன. கோபுரங்களை எடுத்தார். கொக்குகளை எடுத்தார். அப்போதுதான் பெரியப்பா வீரபாகு காலமானார்.

பெரியப்பாவுக்கு இருந்தது ஒரே படம். யாரோ வீட்டுக் கல்யாணப் பந்தியில் எடுத்தது. பனியனோடு உட்கார்ந்திருந்தார். வாயில் வடை இருந்தது. தோளில் பக்கத்து இலைக்காரரின் கை இருந்தது. அதையே பெரிதாக்கி மாட்டிவிடலாம் என்றார்கள்.

"பனியனோடயா?" என்றார் ஆவுடைநாயகம். "நம்ம குடும்பத்துல யாரும் பனியனோட சுவத்துல ஏறுனது கிடையாது."

தன் கல்யாணக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். மொட்டைமாடி நிழலில் முக்காலியை நிறுத்தினார். கேமராவில் நேரம் வைத்துவிட்டு ஓடிப்போய் அதன் முன்னால் விறைப்பாக நின்றார். படம் நன்றாக வந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றித் தன் தலையை எடுத்தார். எடுக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. காதோரம் மட்டும் கொஞ்சம் கூசியது. மிச்சத்தை 'உடம்பு' என்று பெயர் வைத்துச் சேமித்தார்.

பிறகு பெரியப்பாவின் வாயிலிருந்து வடையை எடுத்தார். வாயை மூடினார். உடம்பில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுந்தது. பெரியப்பா முகத்தில் வலப்பக்கத்திலிருந்து. முகத்தைத் திருப்பிப் போட்டார். வலது கன்னத்து மச்சம் இடது கன்னத்துக்குப் போயிற்று. பெரியம்மா படத்தைப் பார்த்துவிட்டு, மச்சம் எப்போதும் இடப்பக்கம்தான் இருந்தது என்று சொல்லிவிட்டாள்.

பிரிண்டரில் படம் மேலிருந்து கீழாக வரும். முதலில் நீல வானம். அப்புறம் தலைமுடி. நெற்றி தெரிந்ததும் ஆவுடைநாயகம் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார். பெரியவர்கள் உள்ளே வரும்போது உட்கார்ந்திருப்பது முறையில்லை.

"கலெக்டர் மாதிரில்லா இருக்காவ!" என்றார்கள் பார்த்தவர்கள்.

அதற்குப் பிறகு குடும்பத்தில் இறந்த ஆண்கள் எல்லாரும் அந்த உடம்புக்குத்தான் வந்தார்கள். உயிரோடு இருந்தவரை ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகத் தொங்கினார்கள். கழுத்துதான் சிரமம். தலை ஒரு நிறமாக இருக்கும்; கழுத்து ஒரு நிறமாக இருக்கும். எவ்வளவு பூசி மெழுகினாலும் அவர் கண்ணுக்கு மட்டும் ஒட்டுப்போட்ட இடம் தெரியும். யார் தலையும் அவர் கழுத்தில் சரியாக உட்கார்ந்ததில்லை.

அன்று காலை அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது உலகம்மை வந்தாள்.

அவளை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவருடைய அம்மாவின் முகம். அம்மாவின் பெயரும் அதுதான். அவரைக் கேட்காமல் வைத்த பெயர். வைத்தவன் அவருடைய தம்பி திருமலைக்கொழுந்து.

திருமலைக்கொழுந்து சென்னைக்குப் போய் சீரியல்களில் இறந்தவராக இருந்தான். கதையில் அப்பா போயிருப்பார். சுவரில் படம் வேண்டும். கண்ணாடி போட்ட படத்தில் விளக்கு வெளிச்சம் பட்டுத் திருப்பி அடிக்கும். அதனால் வெறும் சட்டத்துக்குள் ஆளையே உட்கார வைத்து மாலை போட்டுவிடுவார்கள். அசையக் கூடாது. அவன் அசையவில்லை. நாளடைவில் பெரிய ஆளாகிவிட்டான். எந்த சீரியலைப் போட்டாலும் ஏதாவது ஒரு வீட்டுச் சுவரில் அவன் இருந்தான்.

உயிரோடு இருக்கிறவன். கண்ட வீட்டுச் சுவரில், கண்டவன் பெயரில், பொட்டும் மாலையுமாக. "அவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று ஆவுடைநாயகம் சொல்லியனுப்பினார். அவனும் மிதிக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவன் குடும்பத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

"அப்பா தவறிட்டாங்க பெரியப்பா" என்றாள் உலகம்மை.

"கேள்விப்பட்டேன்."

"ஒரு படம் வேணும்."

"அவனுக்கா படத்துக்குப் பஞ்சம்?"

அவள் பையைத் திறந்து படங்களைத் தரையில் பரப்பினாள். எல்லாம் படப்பிடிப்பில் எடுத்தவை. எல்லாவற்றிலும் மாலை. ஒன்றில் திருமலைக்கொழுந்து மிராசுதார். ஒன்றில் ராணுவக்காரர். ஒன்றில் இரட்டையர், இரண்டு பேரும் இறந்திருந்தார்கள். ஒவ்வொன்றின் கீழும் 'அமரர்' என்று போட்டு ஒவ்வொரு பெயர்.

"ஒண்ணுலயும் எங்கப்பா பேரு இல்ல" என்றாள். "அவர் பேரு போட்டு ஒரே ஒரு படம். நல்ல உடம்போட. அத உங்க கூடத்துல தாத்தா பக்கத்துல மாட்டணும். வேற ஒண்ணும் வேணாமாம்."

"இதெல்லாம் எப்பச் சொன்னான்?"

"இப்பதான். வெளிய ஆட்டோல இருக்காங்க."

அடுக்களையிலிருந்து ஆவுடைநாயகத்தின் மனைவி செண்பகவல்லி எட்டிப் பார்த்தாள். "ஏ பிள்ள, இந்த வெயில்லயா உக்காந்திருக்காவ? உள்ள கூட்டிட்டு வரக் கூடாதா?"

"பெரியப்பா வாயால வான்னு சொன்னாத்தான் இறங்குவாராம்."

இரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள். அவர் டம்ளருக்குள் பார்த்தார்.

"சுவத்துல இடம் இல்ல" என்றார்.

இடம் இருந்தது. அப்பா படத்துக்கு வலப்பக்கம், சரியாக ஒரு சட்டத்தின் அகலத்துக்கு. அங்கே ஆணிகூட அடித்திருந்தது.

"அது?" என்றாள் உலகம்மை.

"அது எனக்கு."

"நீங்க இருக்கீங்களே பெரியப்பா."

"இருந்தா என்ன? இடம் போட்டு வச்சிருக்கேன்."

"பஸ்ஸுல துண்டு போட்ட மாதிரி" என்றாள் செண்பகவல்லி. அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

அப்போது அவர் கழுத்து லேசாகியது. செவ்வந்தி மாலை போய்விட்டது. சந்தன அரிப்பும் போய்விட்டது. பல வருஷங்களுக்குப் பிறகு கழுத்தில் ஒன்றும் இல்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

டெலிபோன் அடித்தது. கோவில்பட்டியிலிருந்து தங்கை மகன் இசக்கியப்பன்.

"மாமா, எங்கப்பா படத்துல தோள் இல்ல."

"கண்ணாடியத் துடைச்சுப் பாரு."

"துடைச்சிட்டேன் மாமா. தலை இருக்கு. அதுக்குக் கீழ நீலம். போட்ட மாலை நிக்க மாட்டேங்கு. வழுக்கி வழுக்கி விழுது. பிடிச்சுக்கிட்டே நிக்கேன்."

வைத்ததும் மறுபடி அடித்தது. சங்கரன்கோவிலிலிருந்து சித்தப்பா மகனின் மனைவி. "அத்தான், வெறும் தலைய வச்சிக்கிட்டு நான் எப்படிக் கும்பிட? பிள்ளைக அந்தப் பக்கமே போக மாட்டேங்கு. நம்ம குடும்பத்துக்கு இது நல்லாவா இருக்கு?"

சென்னை மருமகனும் பேசினான். "எப்ப இருந்து இல்லன்னு தெரியல மாமா. நாங்க கவனிக்கல."

ஆவுடைநாயகம் கூடத்துச் சுவரைப் பார்த்தார். அப்பாவின் படம் அப்படியே இருந்தது. அது அந்தக் காலத்து ஸ்டுடியோவில் எடுத்தது, சொந்த உடம்பு. பக்கத்தில் பெரியப்பா வீரபாகு தலை மட்டுமாக இருந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தார். மூடியது ஆவுடைநாயகம்தான். இல்லையென்றால் ஏதாவது சொல்லியிருப்பார் என்று தோன்றியது.

அவர் பின்னறைக்குப் போய் கம்ப்யூட்டரைப் போட்டார். 'உடம்பு' இருந்தது. திறந்தார். மொட்டைமாடி இருந்தது. நிழல் இருந்தது. கோட்டு இல்லை. அது நின்ற இடத்தில் காற்று கொஞ்சம் நசுங்கியிருந்தது.

பெரியப்பா வீரபாகுவின் படத்தைப் புதிதாக அச்சடித்துப் பார்க்கலாம் என்று பிரிண்டரை முடுக்கினார். வானம் வந்தது. முடி வந்தது. நெற்றி வந்ததும் எழுந்து நின்றார். கண், மூக்கு, வாய், மோவாய். அப்புறம் நீலம். காகிதம் தீரும்வரை நீலம். பிரிண்டரின் சின்னத் திரையில் எழுத்து ஓடியது. மை இருக்கிறது. உடம்பு இல்லை. சரி என்றால் அழுத்தவும்.

அவர் அழுத்தவில்லை. சரியில்லை.

உலகம்மை கதவருகில் வந்து நின்றாள். "பெரியப்பா, ஆட்டோல வேற ஒருத்தர் வந்து ஏறியிருக்காரு. உங்க ஆளா?"

"என்ன போட்டிருக்கான்?"

"கோட்டு."

ஆவுடைநாயகம் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். பின்னறையிலிருந்து வாசலுக்கு அன்றைக்கு நெடுந்தூரம் இருந்தது. கூடம் முடியவில்லை. சுவர் நெடுக இறந்தவர்களின் தலைகள் வந்துகொண்டே இருந்தன. சங்கரன்கோவில் தலையும் சென்னைத் தலையும் எப்போது இங்கே வந்தன என்று தெரியவில்லை. யாரும் வணக்கம் சொல்லவில்லை. ஒருவர் இன்னொருவரிடம், "இவன்தான்" என்றார். அவர் வியர்த்துப்போய் வாசலை அடைந்தார்.

வேப்பமரத்தடியில் ஆட்டோ நின்றது. பின்சீட்டில் திருமலைக்கொழுந்து உட்கார்ந்திருந்தான். அவன் தலைக்குக் கீழே ஆவுடைநாயகத்தின் உடம்பு இருந்தது. கல்யாணக் கோட்டும், மேல் பொத்தானும், விறைப்பும் அப்படியே.

ஆவுடைநாயகம் முதலில் கழுத்தைத்தான் பார்த்தார். கிட்டே குனிந்து பார்த்தார். ஒட்டு இல்லை. தலையும் கழுத்தும் ஒரே நிறம். வெளிச்சம் இரண்டிலும் இடப்பக்கத்திலிருந்து விழுந்தது. எதையும் திருப்பிப் போட வேண்டியிருக்கவில்லை. இப்படி ஒரு கழுத்து அவர் கம்ப்யூட்டரில் ஒருநாளும் வந்ததில்லை.

"அண்ணாச்சி, கோட்டு கக்கத்துல பிடிக்கி" என்றான் திருமலைக்கொழுந்து.

"அது என் கல்யாணத்துக்குத் தைச்சது."

"தெரியும்லா. தையக்காரன் கடைல இருந்து நான்தான வாங்கிட்டு வந்தேன், கசங்கிரக் கூடாதுன்னு சைக்கிளத் தள்ளிக்கிட்டே."

ஆவுடைநாயகம் கையை நீட்டினார். "உடம்பக் குடு" என்றார்.

"வான்னு சொல்லுங்க. உடம்போட வாரேன்."

"உடம்ப மட்டும் இறக்கு."

"அது இறங்க மாட்டேங்கு அண்ணாச்சி. நானும் சொல்லிப் பாத்துட்டேன். பெரியப்பா காத்துக்கிட்டு இருப்பாவ, போய்த் தோள் குடுன்னு சொன்னேன். நகர மாட்டேங்கு. அதுக்கு என்மேல ஒரு இது."

"அதுக்கு என்ன தெரியும்? அது படம்."

"நான் மட்டும் என்ன?" என்றான் திருமலைக்கொழுந்து.

ஆட்டோக்காரர் பேப்பரை மடித்தார். "சார், ஒரு முடிவு சொல்லுங்க. இவருக்கு ஷூட்டிங் இருக்கு. செத்தவர் வராம அங்க யாராலயும் அழ முடியல. எல்லாரும் சும்மா நிக்கறாங்க."

உள்ளே ஏதோ விழுந்தது. செண்பகவல்லி வாசல் நடைக்கு வந்தாள். கையில் பெரியப்பாவின் மாலை இருந்தது. "இங்க பாருங்க, இது ரெண்டாந்தரம் விழுது. பெரிய மாமா மூஞ்சியப் பாக்க முடியல. டெலிபோன் வேற அடிச்சிக்கிட்டே கிடக்கு. ஒரு வார்த்தைதான? சொல்லிட்டு உள்ள வாங்க."

ஆவுடைநாயகம் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருமுறை சொன்னதை அவர் மாற்றியதில்லை. அதேசமயம், பதிவான பத்திரத்தையும் ரத்து செய்யலாம். ரத்துப் பத்திரம் என்று ஒன்று உண்டு. மற்றவர்களுக்கு எத்தனையோ பதிந்து கொடுத்திருக்கிறார். ஊர் ஊராக அந்தக் குடும்பத்தின் தலைகள் தோளில்லாமல் நின்றுகொண்டிருந்தன. இசக்கியப்பன் மாலையைப் பிடித்துக்கொண்டே நிற்பான். அவனுக்குக் கை வலிக்கும்.

"வா" என்றார்.

அது சின்ன வார்த்தைதான். வெளியே போனதும் உடம்பில் பெரிய இடம் காலியான மாதிரி இருந்தது.

"சரி அண்ணாச்சி" என்றான் திருமலைக்கொழுந்து. கோட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கினான். வாசற்படியில் ஒரு கணம் நின்றான். வலதுகாலை எடுத்து வைத்தான். உலகம்மை வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய விரல்களின் சூடு ஆவுடைநாயகத்துக்குத் தெரிந்தது. உள்ளங்கையில் தெரிந்தது.

அவரும் பின்னால் போக நினைத்தார். போவதற்கு ஒன்றும் இல்லை. அவர் ஆட்டோவின் பின்சீட்டில் இருந்தார். குனிந்து பார்த்தார். மோவாய்க்குக் கீழே நீலம்.

வீட்டுக்குள் பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரியும். இப்போது வானம். இப்போது முடி. இப்போது நெற்றி. எழுந்து நிற்க வேண்டும் என்று தோன்றியது. தம்பிக்கு யாராவது எழுந்து நிற்பார்களா என்றும் தோன்றியது. இரண்டும் இப்போது முடியாது.

ஜன்னல் வழியாகக் கூடம் தெரிந்தது. செண்பகவல்லி முந்தானையால் சட்டத்தைத் துடைத்தாள். அப்பாவுக்கு வலப்பக்கத்து ஆணியில் அதை மாட்டினாள். உலகம்மை கீழே இருந்த பெயரை வாய்விட்டுப் படித்தாள். "திருமலைக்கொழுந்து." இரண்டாம் முறையும் படித்தாள். பெரியப்பா வீரபாகுவுக்குத் தோள் வந்திருந்தது. டெலிபோன் அடித்தது. "மாமா இல்லய்யா" என்றாள் செண்பகவல்லி. "ஆமா, இங்கயும் வந்துட்டு. எல்லாம் சரியாப்போச்சு."

அந்தப் படம்தான் அவர் வீட்டில் அச்சான படங்களிலேயே நல்ல படம். அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. கிட்டே போய்க் கழுத்தை ஒருமுறை பார்க்க விரும்பினார்.

"போலாமா சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

"எங்க?"

"ஷூட்டிங்குக்கு. தலை இருந்தாப் போதும். உடம்பு அங்கயே குடுப்பாங்க. நெஞ்சு வரைக்கும்தான் தெரியும்."

"நாங்க அந்த மாதிரிக் குடும்பம் இல்ல."

"அவரும் மொத நாளு இதத்தான் சொன்னாரு" என்று ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பினார்.

இரண்டு தெரு தாண்டியதும் சென்னையின் சாலிகிராமம் வந்துவிட்டது. ஒரு கொட்டகைக்குள் பெரிய வீடு ஒன்று இருந்தது. அதற்கு மூன்று சுவர்தான். கூரை இல்லை. நிறைய பேர் கைக்குட்டையோடு காத்திருந்தார்கள். ஒருவர் ஆவுடைநாயகத்தை எடுத்துச் சட்டத்துக்குள் வைத்தார். ஒரு பட்டு ஜிப்பாவைக் கொண்டுவந்து கீழே பொருத்தினார்கள். நிறம் சேரவில்லை. ஒரு பெண் கழுத்தில் பவுடர் அடித்தாள். நெற்றியில் பொட்டு வைத்தாள்.

"இது ஒட்டுத் தெரியும்" என்றார் ஆவுடைநாயகம். "அப்புறம், வெளிச்சம் வலப்பக்கம் இருந்து வருது. என் முகத்துக்கு இடப்பக்கம் வேணும்."

"செத்தவர் பேசக் கூடாது சார்."

"கீழ என்ன பேரு போடப் போறீங்க?"

"அது இன்னும் எழுதல."

அவரை உயரத்தில் மாட்டினார்கள். காகித மாலை போட்டார்கள். கனம் இல்லை. வாசனையும் இல்லை. கீழே நின்ற வயதான விளக்குக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"கொழுந்து சாருக்கு அண்ணனா நீங்க?" என்றார். "முகத்துலயே தெரியுது. அவர் இமைக்கவே மாட்டாரு சார். இத்தன வருஷத்துல ஒருதடவகூட அவருக்காக நாங்க மறுபடி எடுத்ததில்ல."

விளக்குகள் எரிந்தன. எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். அவர் முன்பின் பார்த்திராத ஒரு பெண் மெதுவாக நடந்து வந்தாள். அவருக்கு நேரே நின்று நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா" என்றாள். அழத் தொடங்கினாள். நன்றாக அழுதாள்.

எங்கிருந்தோ ஓர் ஈ வந்து அவர் புருவத்தில் உட்கார்ந்தது. மெல்ல இறங்கி இமையோரத்துக்கு வந்தது.

குடும்பத்துக்கு இந்தத் தொழிலில் ஒரு நல்ல பெயர் இருந்தது. அவர் இமைக்கவில்லை.